ஏழாம் எண் ஆசாமி புகை பிடிக்கவில்லை

ஓஸ்டர்சீல் துறைமுகம்,
கிழக்கு ஃப்ரீஸ்லாந்து,
அக்டோபர் 3.

செயற்கைப் பல் தொழில்நுட்பக் காலாண்டிதழின் ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அலுவலகத்தில் கட்டுரைகளைச் சரிபார்ப்பதாகச் சொல்லிச் சம்பளம் வாங்கும் அன்பரும் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் என் பல்செட்டும் ஒரே கூரையின் கீழ் வசிக்கிறோம். மூவரும் சுகமா என்பதை இக்கடிதத்தைப் படித்து முடித்தபின் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஆளை விசாரிக்காமலே முடிவு செய்வதில் தாங்கள் கெட்டிக்காரர் ஆயிற்றே.

என் பெயர் வியார்ட் ஹாபன். இந்தப் பெயர் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தங்கள் கோடை இதழில், முப்பத்தோராம் பக்கத்தில், 'பல்செட்டுப் பிசின்களில் கறை ஏறுதலும் நிறம் நிலைத்தலும்' என்ற கட்டுரையில் என் பெயர் 'எண் 7'. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'ஆண், வயது 73, ஓய்வுபெற்ற மதகுக் காவலர், வடகடல் கரைச் சிற்றூர்' என்று போட்டிருக்கிறீர்கள். பங்கேற்றவர்களின் அடையாளம் பாதுகாக்கப்பட்டுள்ளது என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வேறு. ஐயா, எங்கள் ஊரில் மதகு ஒன்று. அதற்குக் காவலர் ஒருவர். அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தில் மின்மோட்டார் வைத்துவிட்டார்கள். மோட்டாருக்குப் பல் கிடையாது. பிறகு அந்த எண் 7 யார் என்று கண்டுபிடிக்க எங்கள் ஊர்க்காரர்களுக்குத் துப்பறியும் படையா வேண்டும்? ரொட்டிக்கடை ஹிஸ்கே பல் மருத்துவரிடம் தங்கள் இதழைப் பார்த்திருக்கிறாள். அடுத்த நாள் காலையில் நான் கடைக்குள் கால் வைத்ததும், எங்கள் ஊர் வணக்கத்தோடு, "மொய்ன், ஏழாம் நம்பர்! வழக்கமான ரொட்டிதானே?" என்றாள். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

பெயர் போனால் போகட்டும். அதற்குக் கீழே தாங்கள் அச்சிட்டிருக்கும் மூன்று வரிகள்தான் என் குடியைக் கெடுத்தவை. தங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மனப்பாடம். "எண் 7-இன் பற்களில் ஏறியுள்ள கறை, அவர் தம் குறிப்பேட்டில் எழுதியுள்ள பானங்களின் அளவோடு பொருந்தவில்லை. மறைக்கப்பட்ட புகையிலைப் பழக்கமோ வாய்ச் சுத்தக் குறைவோ காரணமாக இருக்கலாம். எனவே இவரது விவரங்கள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை." அதாவது நான் பொய்யன், அல்லது அழுக்கன், அல்லது இரண்டும். முப்பத்தெட்டு வருடம் இந்தக் கரையின் வடிகால் தண்ணீரைக் கடலுக்குள் விட்டவன் நான். ஒரு நாள் நான் கதவைத் தப்பான நேரத்தில் திறந்திருந்தால் இரண்டாயிரம் ஏக்கரும் அதில் மேயும் மாடுகளும் கடலுக்குப் போயிருக்கும். என் பேச்சை நம்பி மாடுகள் தூங்கின. தாங்கள் நம்பவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், செப்டம்பரில், தெற்கே ஏதோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் லியோனி என்ற இளம்பெண் எங்கள் ஊர்ப் பல் மருத்துவரிடம் வந்து இறங்கினாள். 'வாழ்நாள் வெண்மை' என்று ஒரு புதுப் பிசினாம். அதில் பல்செட்டு செய்து நாற்பது கிழடுகளுக்குப் போட்டு, ஒரு வருடம் பார்க்கப் போகிறார்களாம். எனக்கும் ஒன்று, என் மனைவி ஃபோல்கேக்கும் ஒன்று. அவள் எண் 8. மாதம் ஒரு முறை டாக்டரம்மா வருவாள். டார்ச் விளக்கு மாதிரி ஒரு கருவியை முன்பல்லில் ஒட்டவைத்துப் பொத்தானை அழுத்துவாள். ஓர் எண் வரும். மூன்றைத் தாண்டினால் நிறம் மாறியது கண்ணுக்குத் தெரியும் என்று அர்த்தம். வீட்டில் சுவரில் மாட்டிவைக்க ஒரு குறிப்பேடு கொடுத்தாள். அதில் காப்பி, தேநீர், சிவப்பு ஒயின், புகையிலை என்று கட்டங்கள். தினமும் கட்டத்தில் எண் எழுத வேண்டும். நான் எழுதினேன். காப்பி: சுழி. ஒயின்: சுழி. புகையிலை: சுழி. தேநீர்: 4. ஒரு நாள் விடாமல் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் எழுதினேன். சர்க்கார் வேலை பார்த்த கை.

இப்போது தங்கள் அறிவாளிகள் செய்த முட்டாள்தனத்தைக் கவனியுங்கள். தேநீர் நான்கு என்றால் நான்கு கோப்பை என்று எடுத்துக்கொண்டார்கள்! இந்தக் கரையில் பிறந்த மூன்று வயதுக் குழந்தை கூட இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கும். தேநீர் நான்கு என்றால் நான்கு வேளை, ஐயா. காலைப் பலகாரத்தோடு ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, இரவு உணவுக்குப் பின் ஒன்று. வேளைக்கு மூன்று கோப்பை என்பது எங்கள் ஊரின் சட்டம். அதற்குக் குறைத்துக் குடித்துவிட்டு எழுந்தால் வீட்டுக்காரியை அவமதித்ததாக அர்த்தம். மூன்று முடிந்து போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டும். போடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆக, நாலு மூணு பன்னிரண்டு. அதுவும் என்ன தேநீர்! கோப்பையில் முதலில் கல்கண்டு, அதன்மேல் சூடாக ஊற்றினால் கல்கண்டு படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்க வேண்டும், பிறகு ஓரமாகக் கரண்டியால் பாலாடையை இறக்க வேண்டும், கலக்கக் கூடாது. கலக்குகிறவன் எங்கள் ஊரில் பெண் கேட்டு வந்தால் பெண் கொடுக்கமாட்டோம்.

தங்கள் கட்டுரையில் சோதனைச்சாலைத் தேநீர் என்று ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நூல் கட்டிய இரண்டு பை, ஐந்து நிமிடம். அதை ஆறவைத்துப் பிசின் வில்லைகளை ஒரு வாரம் ஊறப் போட்டார்களாம், "நிறம் நிலையாக இருந்தது" என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கிறார்கள். இருக்காதா பின்னே? அந்தத் தண்ணீரில் என் வெள்ளைச் சட்டையை ஊறப் போட்டாலும் நிறம் நிலையாகத்தான் இருக்கும். தேயிலை அந்தப் பக்கமாகப் போயிற்று என்று யாரோ சொல்லிக் கேட்ட தண்ணீர் அது. என் வடிகாலில் ஓடியதே அதைவிடக் கெட்டியாக இருக்கும். ஐயா, உண்மையான மனிதனுடைய உண்மையான வாயை ஒரு வருடம் கடன் வாங்கிவிட்டு, கிடைத்த விடை பிடிக்கவில்லை என்றதும் வாயைக் குற்றம் சொல்லி, கழுநீரில் ஊறிய வில்லையை நம்புகிறீர்களே, இதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

சரி, இந்த இதழ் என் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஃபோல்கே உட்கார்ந்திருந்தாள். எதிரில் தங்கள் இதழ் கிடந்தது. எடுத்துப் புரட்டினாள். கோட்டுக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் அவள் திருடிய முதல் பொருள் தங்கள் பத்திரிகை. மேசைமேல் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னய்யா இது?"

"பத்திரிகை."

"அது எனக்கும் தெரியுது. முப்பத்தொண்ணாம் பக்கத்தப் படி. சத்தமாப் படி."

படித்தேன். புகையிலை என்ற இடம் வந்ததும் என் குரல் தானாக இறங்கியது. அதுவே தப்பாகப் போயிற்று.

"ஆறு வருஷம் முன்னாடி, ஆஸ்பத்திரிக் கட்டில்ல, நெஞ்சுல ஒயரெல்லாம் ஒட்டியிருந்தப்ப, என் கையப் புடிச்சு என்ன சொன்ன?"

"இனிமே பைப்பத் தொடமாட்டேன்னு சொன்னேன்."

"தொட்டியா?"

"தொடல."

"அப்ப இவ்ளோ படிச்சவங்க பொய் எழுதுறாங்க?"

"படிச்சவங்களுக்கு டீ குடிக்கத் தெரியலேன்னு சொல்றேன்."

அப்புறம் மேலே சொன்ன கணக்கையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். நாலு வேளை, வேளைக்கு மூன்று, சட்டம், கரண்டி. அவள் கையைக் கட்டிக்கொண்டு முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு, தன் பல்செட்டைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். தந்தம் மாதிரி லேசான மஞ்சள், அவ்வளவுதான். "உன்னோடதக் கழட்டு" என்றாள். கழற்றி வைத்தேன். பக்கத்துப் பக்கத்தில் இருந்தபோது என்னுடையது மாட்டுக்கொட்டகைக் கதவு மாதிரி இருந்தது. பல் இல்லாமல் அவள் பேசியதைப் பல்லோடு எழுதுகிறேன்.

"நானும் அதே டீயத்தானே குடிக்கிறேன்? அதே நாலு வேளை, அதே மூணு கோப்பை. எனக்குக் கறை அஞ்சு, உனக்குப் பதினொண்ணுன்னு போட்டிருக்கான். மிச்சம் ஆறு எங்கேருந்துய்யா வந்துச்சு?"

"எனக்கு வாய் பெரிசு. டீ நெறைய எடத்துல படுது."

"வாய் பெரிசுங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. தெனமும் நாலரை மணிக்குக் கோட்ட மாட்டிக்கிட்டு எங்க போற?"

"மதகப் பாக்க."

"மோட்டர் வெச்சு எட்டு வருஷம் ஆச்சு."

"மோட்டர நம்ப முடியாது, ஃபோல்கே."

"உன்ன?" என்றாள். ஆறு வருடமாக என்னை மருந்து மாத்திரையோடு கட்டிக் காத்தவள். இரவில் என் மூச்சு சரியாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டு தூங்காமல் கிடந்தவள். அவள் அந்த ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். எனக்கு நெஞ்சை அடைத்தது. பழைய அடைப்பு அல்ல, இது வேறு.

அன்றிலிருந்து என் வீடு காவல் நிலையம் ஆகிவிட்டது. நான் வெளியே போய் வந்ததும் தொப்பியை வாங்கி மோந்து பார்க்கிறாள். சட்டைப் பையைத் தடவுகிறாள். கொல்லைக் கொட்டகையைத் தலைகீழாகப் புரட்டினாள். என் பழைய பைப் கிடைத்துவிட்டது. ஐயா, சத்தியமாக, அதை நான் சின்ன ஆணி போட்டு வைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். "பாரு, உள்ள ஆணிதான் இருக்கு" என்றேன். "அப்ப ஆணியத்தான் புகைக்கிறியா?" என்றாள். அடுத்த நாள் என் கோட்டில் தீப்பெட்டி அகப்பட்டது. புகைக்காதவனுக்குத் தீப்பெட்டி எதற்கு என்று கேட்டாள். கடல் காற்று, இருட்டு, அவசரம் என்று ஏதோ உளறினேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன இருட்டு என்று கேட்டாள். நான் மதகைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

தண்டனை என்ன தெரியுமா? இரண்டாம் கோப்பை முடிந்ததும், நான் கரண்டியைத் தொடுவதற்கு முன்னால், அவளே என் கரண்டியை எடுத்து என் கோப்பைக்குள் போட்டுவிடுகிறாள். தங்களுக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பையில் நூல் கட்டிக் குடிக்கிற ஜாதி. எங்கள் ஊரில் வேற்று மனிதனுக்குக் கூட, வீட்டு வாசலில் வந்து வழி கேட்டவனுக்குக் கூட, மூன்றாவது கோப்பை உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வந்திருந்தார். அவர் முன்னாலேயே என் கோப்பையில் கரண்டி விழுந்தது, டிங் என்று. பாதிரியார் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஃபோல்கே அவருக்கு நாலாவது ஊற்றினாள்.

என் பெயரைத் துடைக்க வழி பார்த்தேன். பல்லைத் துடைத்தால் பெயர் தானாகத் துடைபடும் என்று நினைத்தது என் புத்தி. முதலில் அந்த நுரை வரும் மாத்திரை. ஒன்று போட வேண்டிய இடத்தில் மூன்று போட்டேன். நுரை கிண்ணத்தைத் தாண்டி மேசை, மேசையைத் தாண்டி பூனை. பூனை இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை, பல் அதே பழுப்பு நிறத்திலேயே இருந்தது. அப்புறம் ஹிஸ்கே பேச்சைக் கேட்டு, துணிக்குப் போடும் வெளுப்புத் திரவத்தில் இரவு முழுக்கப் போட்டு வைத்தேன். விடிந்து பார்த்தால் பல் அப்படியே பழுப்பு, ஈறுதான் வெளுத்துப்போய் மீன் வயிறு மாதிரி ஆகிவிட்டது. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் சிரித்துப் பார்த்து நானே பயந்தேன். அப்புறம் துறைமுகத்துப் படகு மெக்கானிக் கெர்யெட், "அட, இவ்ளோதானா? குடுங்க இப்படி, எங்கிட்ட ஒரு பசை இருக்கு, பத்து வருஷப் பாசி புடிச்ச படகையே கண்ணாடி ஆக்கிரும்" என்று சொல்லி வாங்கி, சுழலும் கம்பளிச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், வெள்ளையாகத்தான் வந்தது, சுண்ணாம்புக்கட்டி மாதிரி, பளபளப்பே இல்லாமல். வீட்டுக்கு ஓடி வந்தேன், பல்லைக் காட்டினேன், ஃபோல்கே டீ ஊற்றினாள். ஒரே ஒரு கோப்பை. அந்த ஒரு கோப்பையில் பல் மொத்தமும் மை ஒற்றும் காகிதம் மாதிரி உறிஞ்சிக்கொண்டது. பழைய நிறத்தைவிட ஒரு படி கூடுதல்.

பொறுக்கமுடியாமல் டாக்டர் லியோனிக்குத் தொலைபேசினேன்.

"ஐயா, மேற்பரப்புல கீறல் விழுந்தா கறை இன்னும் வேகமா ஏறும். கட்டுரையில நாலாவது பத்தியிலயே இருக்கே" என்றாள்.

"நாலாவது பத்தி இருக்கட்டும்மா. தேநீர் நாலுன்னா எத்தனை கோப்பைன்னு என்னிக்காவது என்கிட்ட கேட்டியா?"

"நாலுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

"நாலு வேளை!"

"வேளைக்கு எத்தனை?" என்றாள், சின்னக் குரலில்.

"மூணு. விருந்தாளி வந்தா நாலு."

"ஐயோ, பன்னிரண்டா! அப்ப நாப்பது பேரும் அப்படித்தான் எழுதியிருப்பாங்களா?"

"நாப்பது பேரும் இந்த ஊர்க்காரங்கதானே?"

ஏதோ பேனா கீழே விழுந்த சத்தம். ஒரு வருட ஆராய்ச்சி விழுந்த சத்தமாகவும் இருக்கலாம். எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரி, மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் ஐயா. எல்லாருக்கும் மூணால பெருக்கினாலும் எட்டாம் எண்ணுக்குக் கறை அஞ்சுதானே வருது? அவங்களும் நீங்களும் ஒரே வீடு. உங்களுக்கு மட்டும் ஏன்..." என்று ஆரம்பித்தாள். இந்த இடத்தில் கடற்கரையில் காற்று பலமாக வீசியதால் தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே, ஐயா, தங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே முப்பத்தோராம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் (அடியில் பொடி எழுத்தில் போட்டால் நேரில் வருவேன்), கீழ்க்கண்டவாறு ஒரு மறுப்பு வெளியிட வேண்டும்: "எண் 7 என்பவர் புகை பிடிப்பவர் அல்லர். அவர் குறிப்பேட்டில் எழுதியது ஒவ்வொன்றும் எழுத்துக்கு எழுத்து உண்மை. அவர் மனைவி அவரை நம்பலாம். தவறு முழுவதும் தேநீர் குடிக்கத் தெரியாத எங்களுடையதே." இதில் மூன்றாவது வாக்கியம் தங்கள் இதழுக்குச் சம்பந்தமில்லாதது என்று தங்களுக்குத் தோன்றலாம். அதற்காகத்தான் இந்தக் கடிதமே. மற்ற மூன்றையும் வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், அதை விடாதீர்கள். ஃபோல்கே நான் சொன்னால் நம்பமாட்டாள். அச்சில் வந்தால் நம்புவாள். அச்சில் வந்ததை நம்பித்தானே இவ்வளவும்.

தங்கள் பற்கள் சொந்தப் பற்களாக இருந்தால் அவை நூறாண்டு நிலைக்கட்டும். கட்டிய பற்களாக இருந்தால் தங்கள் கட்டுரையில் சொல்லிய நிறத்திலேயே இருக்கட்டும். தங்கள் மனைவி தங்களுக்கு வேளை தவறாமல் மூன்றாவது கோப்பையும் ஊற்றட்டும். கட்டுரையைச் சரிபார்த்த அன்பருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும், கட்டாயம் சொல்லவும்.

இங்ஙனம்,
தங்கள் வயதுக்கு உரிய மரியாதையுடன் (தங்கள் வயது எனக்குத் தெரியாது),
வியார்ட் ஹாபன்
ஓய்வுபெற்ற மதகுக் காவலர்

பின்குறிப்பு: மேலே கேட்ட மறுப்பைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

கடிதத்தை உறையில் போடுமுன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். பன்னிரண்டு கோப்பை என்று தாங்கள் அச்சிட்டால், மிச்சம் ஆறு எங்கே என்று ஊர் முழுக்கக் கேட்கும். தங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நான் மதகைப் பார்க்கப் போகவில்லை. மதகைத் தாண்டி அரை மணி நேரம் கரையோடு நடந்தால் என் மைத்துனன் மென்னோவின் வீடு. ஃபோல்கேக்குக் கூடப் பிறந்தது அந்த ஒரே தம்பிதான். இரண்டு பேரும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. சொத்துத் தகராறு ஒன்றுமில்லை. ஒரு தேநீர்க் கெண்டி. எங்கள் ஊரில் தேநீர்க் கெண்டியைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பதில்லை. வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்ப்போம். வருடக்கணக்கில் உள்ளே கறை படிந்து படிந்து கன்னங்கரேல் என்று ஆகும். அந்தக் கறுப்பில்தான் ருசி என்பார்கள். இவர்களுடைய அம்மாவின் கெண்டியில் ஐம்பது வருடக் கறுப்பு இருந்தது. அம்மா போன பிறகு கெண்டி மென்னோவுக்கு வந்தது. அக்கா பார்க்க வருகிறாளே, பளிச்சென்று இருக்கட்டும் என்று அந்த மடையன் சோடா மாவைப் போட்டு இரும்பு நாரால் தேய்த்துத் தேய்த்து உள்ளே வெள்ளை வெளேரென்று ஆக்கி மேசையில் வைத்தான். நான் பக்கத்தில் இருந்தேன். ஃபோல்கே மூடியைத் திறந்தாள். பார்த்தாள். "அம்மாவக் கழுவி ஊத்திட்டியேடா" என்றாள். கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினவள்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இலையுதிர் காலத்தில், மென்னோ என்னைக் கரையில் நிறுத்தினான். "மச்சான், ஏழு வருஷமாக் குடிக்கிறேன். ஒரு ஆளு டீயில அது கறுக்க மாட்டேங்குது" என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதான், அறுபத்தாறு வயது ஆள். அன்றிலிருந்து தினமும் நாலரைக்குப் போகிறேன். அவனுக்குக் கை நடுங்கும். சூடு ஆறாமலிருக்கக் கெண்டிக்கு அடியில் வைக்கும் மெழுகுவத்தியை நான்தான் ஏற்றுவேன், தீப்பெட்டி அதற்குத்தான். இரண்டு பேருமாக இரண்டு கெண்டி காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். சும்மா டீயை ஊற்றி ஊற வைத்தால் போதாதா என்று தங்கள் பிசின் அறிவாளிகள் கேட்பார்கள். குடிக்காத டீயில் ஏறுகிற கறை எங்கள் ஊரில் செல்லாது. இதைக் குறிப்பேட்டில் ஏன் எழுதவில்லை என்றால், குறிப்பேடு எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கியது, ஃபோல்கே அதைத் தினமும் படிப்பாள். ஆக, பொருந்தவில்லை என்று தாங்கள் எழுதியது சரி. இதை எழுதும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நவம்பர் இருபதாம் தேதி அவளுக்கு எழுபது வயது. அன்றைக்குக் கெண்டியோடு தம்பியைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்துவதாக இருக்கிறேன். உள்ளே அடிப்பக்கம் கறுத்துவிட்டது. மூக்குப் பக்கம் மட்டும் இன்னும் பழுப்பு. அதுவரை நான் புகை பிடிக்கிறவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். முடிந்தால் அடுத்த இதழில் "புகையிலைதான், ஐயமில்லை" என்று இன்னொரு தடவை உறுதியாகப் போடுங்கள். நல்ல ரகப் புகையிலை என்று சேர்த்தால் நன்றி உடையவனாக இருப்பேன்.

இன்னொரு பின்குறிப்பு: தபால்தலை தேடிக் கோட்டுப் பையில் கையை விட்டேன். அரைப் பவுண்டு தேயிலைப் பொட்டலம் ஒன்று கைக்கு வந்தது. நாங்கள் வாங்குகிற ரகம் இல்லை. ஃபோல்கேயின் அம்மா சாகிறவரை வாங்கிக்கொண்டிருந்த சிவப்புக் காகிதப் பொட்டலம். நேற்று வரை என் பையில் இது கிடையாது. மேலே பென்சிலால் ஃபோல்கேயின் கையெழுத்து: "அந்தக் கெண்டிக்கு இதத்தான் போடணும். நீயே அளந்து போடு. அவங்கிட்ட விடாத, சின்ன வயசுலேருந்தே அவன் கஞ்சன்."

கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடையில் நின்று அழுதேன். இதையும் வெளியிட வேண்டாம்.